மரத்தில் ஒளிந்த ஊறுகாய்

எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குத் தொப்பி உண்டு. தொட்டி நீளமாக, உருண்டையாக, பச்சை நிறத்தில் வானத்தைப் பார்த்து நிற்கும். அதன் தலையில் இறகு செருகிய பழுப்புத் தொப்பி. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் காரை மெதுவாக்கி, "அது என்னது, முதலையா?" என்று கேட்பார்கள்.

முதலை இல்லை. ஊறுகாய்.

ஊறுகாய் என்றதும் மாங்காயையும் எலுமிச்சையையும் நினைத்து நாக்கில் எச்சில் ஊற வேண்டாம். எங்கள் ஊர் ஊறுகாய், உப்புத் தண்ணீரில் முழுசாக ஊறிய வெள்ளரிக்காய். மிளகாய்ப்பொடி கிடையாது. கடித்தால் நறுக்கென்று சத்தம் வரும். காரம் என்று பார்த்தால் அந்தச் சத்தம் மட்டும்தான்.

ஊரின் பெயர் நியூ ஓல்டன்பெக். அமெரிக்காவில், அயோவா மாநிலத்துச் சோளக்காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. ஜெர்மனியில் ஓல்டன்பெக் என்ற ஊரிலிருந்து ஒரு காலத்தில் கப்பலேறி வந்த முப்பது குடும்பங்கள் கட்டியது. இன்றைக்கு ஆயிரத்து முந்நூறு பேர் இருக்கிறோம். எங்களில் ஜெர்மன் மொழி தெரிந்தவர் யாரும் இல்லை. ஜெர்மன் பெருமை தெரியாதவரும் யாரும் இல்லை.

பெருமைக்கெல்லாம் பெருமை எங்கள் கிறிஸ்துமஸ் ஊறுகாய். ஒவ்வொரு வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்திலும் கண்ணாடியில் செய்த ஓர் ஊறுகாயை ஒளித்து வைப்போம். பச்சை மரத்தில் பச்சை ஊறுகாய். அதை முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு ஒரு பரிசு அதிகம். வருஷம் முழுவதும் அதிர்ஷ்டமும் உண்டு என்பார்கள். அதிர்ஷ்டம் வந்ததா என்று வருஷக் கடைசியில் யாரும் சரிபார்த்தது இல்லை.

"நானூறு வருஷத்து ஜெர்மன் வழக்கம்!" என்பார் எங்கள் மேயர் டெல்பர்ட் ப்ராக்மன். சொல்லும்போது அவர் மீசை இரண்டு பக்கமும் எழுந்து நிற்கும்.

மேயர் கடைவீதியில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். இருபது வருஷத்துக்கு முன்னால் ஊரில் இருந்த பட்டன் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. ஆட்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு ஊர் போனார்கள். அப்போதுதான் அவர் யோசித்து யோசித்து, டிசம்பர் முதல் சனிக்கிழமையில் ஊறுகாய் ஊர்வலத்தைத் தொடங்கினார். முதல் வருஷம் பதினேழு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அதில் இரண்டு பேர் வழி தவறி வந்தவர்கள். இப்போது ஐயாயிரம் பேர் வருகிறார்கள். மூடிய கடைகளில் பாதி மறுபடி திறந்துவிட்டன.

மேயருடைய தம்பி மகள்தான் ஹில்டி. வயது பத்து. பாடுவதில் சுமார், ஓடுவதில் சுமார், கவனிப்பதில் கெட்டி.

அந்த வருஷ ஊர்வலத்தில் ஒரு விசேஷம் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக மேயர் ஜெர்மனியில் இருக்கும் பழைய ஓல்டன்பெக்குக்கு வருஷம் ஒரு கடிதம் போட்டுவந்தார். "எங்கள் ஊறுகாய்த் திருவிழாவுக்கு வாருங்கள்" என்று அழைப்பு. பதினோரு கடிதங்களுக்குப் பதில் இல்லை. பன்னிரண்டாவது கடிதத்துக்கு வந்தது.

"வருகிறோம்."

ஒரே ஒரு வார்த்தை. மேயர் அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம் வந்து இறங்கியவர்கள் இரண்டே பேர். ஓல்டன்பெக் ஊர்ச் சபை உறுப்பினரான வெஸ்டர்மான் அம்மா, அவருடைய மகன் ஹென்னிங். அவனுக்குப் பதினோரு வயது, பெரிய காதுகள், நீல நிற ரப்பர் பூட்ஸ். ஹில்டி வீட்டு மாடியறையில் தங்குவதாக ஏற்பாடு.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேயர் தோலில் தைத்த அரைக்கால்சட்டையும், பூவேலை செய்த நீளக் காலுறையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இரண்டுக்கும் நடுவே தெரிந்த முழங்கால்கள் நீலமாகியிருந்தன.

"வாங்க வாங்க! நம்ம ஊருக்கு வாங்க!"

வெஸ்டர்மான் அம்மா வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. விமானத்தில் பிடித்த சளி அவர் குரலை அப்படியே விழுங்கிவிட்டிருந்தது.

"அம்மாவால் பேச இயலாது. மன்னிக்கவும். நான் பேசுகிறேன். என் பெயர் ஹென்னிங். உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்றான் ஹென்னிங். அவன் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆங்கிலம் படித்தவன். அதனால் புத்தகம் போலவே பேசினான்.

"அடடா, என்ன மரியாதை பாரு! ஹில்டி, பாத்துக் கத்துக்கோ" என்றார் மேயர். "அப்போ சனிக்கிழமை மேடையில தம்பியே பேசட்டும்!"

அவர் போன பிறகு ஹென்னிங் ஹில்டியிடம் குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"உன் பெரியப்பா ஏன் பனியில் அரைக்கால்சட்டை அணிந்திருக்கிறார்? அவருக்கு ஏதேனும் நோயா?"

"நோயா? அது உங்க ஊரு உடுப்பு! உங்களுக்காகத்தான் போட்டிருக்காரு."

"எங்கள் ஊர் கடற்கரை ஓரம். நாங்கள் மழைக்கோட்டு அணிவோம். இந்த உடுப்பு தெற்கே மலைநாட்டில். ரயிலில் எட்டு மணி நேரம் போக வேண்டும்."

ஹில்டி சிரித்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கால்சட்டைதானே, மாறிப்போனால் என்ன என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் கடைவீதி வழியாக நடந்து வந்தார்கள். பேக்கரி ஜன்னலில் ஊறுகாய் வடிவத்தில் ரொட்டி. தீயணைப்பு நிலையத்துக் கதவில் தலைக்கவசம் போட்ட ஊறுகாய். ஒரு கடையில் சாக்லேட்டில் தோய்த்த ஊறுகாய், குச்சியில் குத்தி விற்றார்கள்.

"நீங்கள் வெள்ளரி விவசாயம் செய்கிறீர்களா?" என்று கேட்டான் ஹென்னிங்.

"இல்லையே, சோளம்."

"பிறகு ஏன் எங்கு பார்த்தாலும் வெள்ளரிக்காய்?"

ஹில்டி நின்றுவிட்டாள். "என்ன இப்படிக் கேக்கற? கிறிஸ்துமஸ் ஊறுகாய்! மரத்துல ஒளிச்சு வைக்கறது! உங்க வழக்கம்தானே?"

ஹென்னிங்கின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"நாங்கள் ஊறுகாயைத் தட்டில் வைப்போம்" என்றான். "மரத்தில் வைப்பதில்லை."

"உங்க வீட்டுல இல்லன்னா, பக்கத்து வீட்டுல?"

"இல்லை."

"ஊர்ல யாருமே?"

"நான் கேள்விப்பட்டதே இல்லை. பொறு, மரத்திலா? உண்மையான மரத்திலா? எதற்கு?"

நாளை மத்தியானம் மேடையில் ஐயாயிரம் பேருக்கு முன்னால் பெரியப்பா இவனிடம் என்ன கேட்கப்போகிறார் என்று ஹில்டிக்குத் தெரியும். ஊர் முழுக்கத் தெரியும். நிகழ்ச்சித் தாளில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள்: 'பழைய ஓல்டன்பெக்கில் ஊறுகாய் ஒளிக்கும் முறை. விளக்குபவர்: ஹென்னிங் வெஸ்டர்மான்.'

ஹென்னிங் அந்தத் தாளை வாங்கிப் படித்தான். இரண்டாம் முறையும் படித்தான். அவன் பெயர் அதிலேயேதான் இருந்தது.

"ஒண்ணும் பயப்படாத. பெரியப்பா கேப்பாரு. நீ சும்மா தலைய ஆட்டிடு" என்றாள் ஹில்டி.

"அது பொய்."

"தலைய ஆட்டறது எப்படிப் பொய்யாகும்? வாயே திறக்கலையே!"

"என்னால் இயலாது. என் காதுகள் காட்டிக்கொடுத்துவிடும்."

"சும்மா ஒரு தடவை செஞ்சு பாரு. உங்க வீட்டு மரத்துல ஊறுகாய் உண்டா?"

ஹென்னிங் தலையை ஆட்டினான். அடுத்த நொடி அவன் காதுகள் இரண்டும் தக்காளி மாதிரி சிவந்தன. எதிரே வந்த தபால்காரர் நின்று, "என்ன தம்பி, குளிர் ரொம்பக் கடிக்குதா? குல்லாவ இழுத்து விட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"குல்லா போட்டா காது தெரியாதே!" என்றாள் ஹில்டி.

"தெரியாது. ஆனாலும் அது சிவந்திருப்பது எனக்குத் தெரியுமே."

இவனைப் பொய் சொல்லவைக்க முடியாது. அப்படியானால் உண்மையைப் பெரியப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். ஹில்டி அவனை வீட்டில் விட்டுவிட்டு ஹார்ட்வேர் கடைக்கு ஓடினாள்.

மேயர் கடையில் ஏணிமேல் நின்று, ஆணிப் பெட்டிகளுக்கு முன்னால் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். "பெரியோர்களே! தாய்மார்களே! வான்ஹால்ட் ஊரிலிருந்து வந்திருக்கும் காற்றாலைக்காரர்களே!"

வான்ஹால்ட் பக்கத்து ஊர். அவர்களுக்கு ஹாலந்துப் பெருமை. நிஜ ஹாலந்திலிருந்து ஆள் வந்து கட்டிக்கொடுத்த காற்றாலை அவர்களிடம் உண்டு. "உங்க ஊறுகாய்க்கு என்ன சாட்சி?" என்று அவர்கள் வருஷா வருஷம் எங்களைக் கிண்டல் செய்வார்கள்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கவா?"

"ஒம்போது கேளு, கண்ணு."

"ஒருவேளை... ஜெர்மனியில ஊறுகாய் வழக்கம் இல்லைன்னா?"

மேயர் ஏணி ஆடும்படி சிரித்தார். "மீன் குளத்துல தண்ணி இல்லைன்னான்னு கேக்கற மாதிரி இருக்கு!" பிறகு ஏணியிலிருந்து இறங்கி, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். அதில் பன்னிரண்டு கடிதங்களின் நகல்கள் இருந்தன. முதல் கடிதத்தின் தாள் மஞ்சளாகியிருந்தது.

"பாரு. ஒவ்வொரு தடவையும் தபால் பெட்டியத் திறக்கறப்போ உங்க பெரியம்மா சிரிப்பா. 'அவங்களுக்கு உன்னைத் தெரியவே தெரியாது டெல்பர்ட், விட்டுத்தொலை'ன்னு. நான் விடல." அவர் ஃபைலை மெதுவாக மூடினார். "நம்ம ஊரு காணாமப்போற மாதிரி இருந்தப்போ, நமக்குன்னு ஒண்ணு இருக்குன்னு இந்த ஊறுகாயத்தான் புடிச்சுக்கிட்டேன். நாளைக்கு அந்தப் பையன் வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

ஹில்டி வாயைத் திறந்தாள். வெஸ்டர்மான் அம்மாவுக்கு வந்த அதே காற்றுதான் வந்தது.

"என்னடா கண்ணு?"

"ஒண்ணுமில்ல பெரியப்பா. முழங்கால மூடிக்கோங்க. குளிருது."

சனிக்கிழமை மத்தியானம் ஊர்வலம் கிளம்பியது. முதலில் தீயணைப்பு வீரர்களின் பேண்டு. எல்லாரும் ஒரே பாட்டைத்தான் வாசித்தார்கள். ஆனால் ஆளுக்கொரு நேரத்தில் தொடங்கியிருந்தார்கள். பின்னால் டிராக்டர்கள். அதற்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பஞ்சடைத்த பச்சை உடுப்புக்குள் முகம் மட்டும் தெரிய, ஊறுகாய்களாக நடந்தார்கள். ஒருவன் தடுக்கி விழுந்தால் எழுந்திருக்க முடியாமல் உருள்வான். அதற்கென்றே கைதட்டக் காத்திருக்கும் கூட்டம் உண்டு.

மேடைக்குப் பக்கத்தில், ஊர்ப் பொதுக் கிறிஸ்துமஸ் மரத்தடியில் மேயர் ஹில்டியைப் பிடித்துக்கொண்டார்.

"ஹென்னிங் எங்கே?"

"இங்கதானே இருந்தான்?"

"இல்லையே! அவங்க அம்மாவக் கேட்டா கையைக் கையை ஆட்டறாங்க, ஒண்ணும் புரியல. இன்னும் பத்து நிமிஷம்தான். போ, ஓடு, கூட்டிட்டு வா!"

ஹில்டி ஓடினாள். பேக்கரியில் இல்லை. தேவாலயத்தில் இல்லை. சூடான சாசேஜ் விற்கும் கூடாரத்திலும் இல்லை. ஊர்வலம் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் சும்மா ஊறுகாய்களை எண்ணினாள். பள்ளியில் முப்பது உடுப்புகள், முப்பது பிள்ளைகள்; கூடுதலாக ஒரு உடுப்பு, யாருடையதாவது கிழிந்தால் போட்டுக்கொள்ள.

இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று.

முப்பத்தொன்றாவது ஊறுகாய் நீல ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தது.

ஹில்டி அதைப் பஞ்சோடு பிடித்துத் தபால் நிலையத்துச் சந்துக்குள் இழுத்தாள்.

"டேய் ஹென்னிங்! வெளிய வா!"

"இங்கே ஹென்னிங் இல்லை" என்றது ஊறுகாய். முக ஓட்டைக்குள் தெரிந்த கன்னங்கள் சிவந்தன. காது தெரியவில்லை, ஆனால் தெரிந்த மாதிரியே இருந்தது.

"விளையாடாத. பெரியப்பா தேடறாரு."

"நான் வர மாட்டேன். பொய் சொன்னால் என் காதுகள் எரியும். உண்மை சொன்னால்..." ஹென்னிங் நிறுத்தினான். "அவர் எனக்காக மூன்று நாளாக அரைக்கால்சட்டையில் நடக்கிறார். நேற்று என் அம்மாவுக்குத் தன் கையால் சூப் வைத்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்?"

ஹில்டி இதுவரை பெரியப்பாவை நினைத்து மட்டும்தான் கவலைப்பட்டாள். இப்போது பார்த்தால் இந்த ஊறுகாய்க்கும் அதே கவலை. அவள் தபால் நிலையத்துப் படியில் உட்கார்ந்தாள். ஊறுகாயால் உட்கார முடியாது. அது சுவரில் சாய்ந்துகொண்டது.

"சரி, பெரியப்பாவ விடு. ஊர விடு. உனக்கு என்ன தோணுது? இந்த ஊறுகாய் வேலையெல்லாம் கிறுக்குத்தனமா இருக்கா?"

"இல்லை!" ஹென்னிங் வேகமாகச் சொன்னான். "நேற்று உங்கள் வீட்டு மரத்தை அரை மணி நேரம் பார்த்தேன். பச்சைக்குள் பச்சை. அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கையை விட்டுத் தேடலாமா, கண்ணால் மட்டும்தானா? மரத்தைச் சுற்றி ஓடலாமா? எனக்கு ஒரே ஒரு முறை தேட வேண்டும் போல இருக்கிறது. ஆனால் நான் ஒளிப்பவனாம். தாளில் எழுதியிருக்கிறது. ஒளித்தவன் தேட முடியாதே."

ஹில்டி அவனையே பார்த்தாள். பிறகு எழுந்து உடுப்பில் ஒட்டிய பனியைத் தட்டினாள்.

"இதையேதான் நீ மேடையில சொல்லப்போற."

"எதை?"

"இப்ப என்கிட்ட சொன்னத. தெரியாதுன்னு சொல்லி அதோட நிறுத்திட்டாத்தான் வம்பு. தெரியாது, கத்துக்கணும்னு கேளு. எங்க ஊர்க்காரங்களுக்கு ஒண்ணச் சொல்லிக்குடுக்கறதுன்னா சோறு தண்ணி வேண்டாம்."

"அவர் வருத்தப்பட்டால்?"

"கொஞ்சம் படுவாரு. நான் பக்கத்துல நிக்கறேன்."

இருவரும் மேடை ஏறியபோது மேயரின் பேச்சு முடிந்திருந்தது. விருந்தாளி ஊறுகாயாகவே வந்து நின்றதைப் பார்த்துக் கூட்டம் ஆரவாரம் செய்தது. முன்வரிசையில் வான்ஹால்ட் மேயர் ஹூக்ஸ்ட்ரா அம்மா, கையில் சாசேஜோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மேயர் டெல்பர்ட் வெல்வெட் பெட்டியைத் திறந்து கண்ணாடி ஊறுகாயை எடுத்தார்.

"தம்பி ஹென்னிங்! நானூறு வருஷமா உங்க ஊர்ல இத எப்படி ஒளிச்சு வைக்கறீங்க? நம்ம ஜனங்களுக்கு நீயே உன் வாயால சொல்லு!"

மைக் ஹென்னிங்கின் முகத்துக்கு நேராக வந்தது. ஹென்னிங் மூச்சை இழுத்தான். ஐயாயிரம் முகங்கள். அவன் வாய் அப்படியே திறந்தபடி நின்றது.

ஒரு குழந்தை எங்கோ தும்மியது.

ஹில்டி பெரியப்பாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"பெரியப்பா, ஹென்னிங் இதுவரைக்கும் ஒரு ஊறுகாயக்கூட மரத்துல தேடினதில்ல. அவங்க வீட்டுல இல்ல. அவங்க ஊர்லயே இல்ல. அவனுக்குத் தேடணும்னு ஆசையா இருக்கு. ஆனா எப்படின்னு தெரியாது."

கூட்டம் அப்படியே உறைந்தது. பேண்டில் ஒருவர் மட்டும் செய்தி எட்டாமல் இரண்டு சுரம் வாசித்து, அவரும் நிறுத்தினார்.

மேயரின் மீசை மெல்லக் கீழே இறங்கியது.

"இல்லையா?" என்றார் அவர், மைக் இல்லாத சின்னக் குரலில். "ஆனா... பெட்டியில எழுதியிருந்துச்சே. நான் முதன்முதலா வாங்கின கண்ணாடி ஊறுகாய்ப் பெட்டியில. 'பழைய ஜெர்மன் வழக்கம்'னு அச்சடிச்சிருந்துச்சு."

முன்வரிசையில் ஹூக்ஸ்ட்ரா அம்மா சாசேஜை ஆட்டிக்கொண்டு கேட்டார்: "அப்போ உங்க ஊறுகாய் எங்கேர்ந்துதான் வந்துச்சு, டெல்பர்ட்? ஆகாயத்துலேருந்து விழுந்துச்சா?"

"இங்கேருந்துதான் வந்துச்சு!" என்றாள் ஹில்டி மைக்கில். அவ்வளவு சத்தமாகச் சொல்ல அவள் நினைக்கவில்லை. மைக் அப்படிச் சொல்லிவிட்டது. "யார்கிட்டேர்ந்தும் வாங்கல. இருபது வருஷமா நாங்களே ஊறப்போட்டது!"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். பிறகு கைதட்டல் தீயணைப்பு நிலையம் வரை ஓடி, திரும்பி வந்தது. ஹூக்ஸ்ட்ரா அம்மாகூட சாசேஜை மடியில் வைத்துவிட்டுக் கைதட்டினார்.

இப்போது ஹென்னிங்குக்குக் குரல் வந்தது.

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்றான் மைக்கில். "தயவுசெய்து கற்றுக்கொடுங்கள்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஐயாயிரம் பேரும் ஒரே நேரத்தில் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

"அடிக்கிளையில பாரு தம்பி, எப்பவும் அடிக்கிளைதான்!" என்றார் பேக்கரிக்காரர்.

"இவன் பேச்ச கேக்காத! நடுவுல, உள்பக்கமா, தண்டை ஒட்டி!"

"கையால தொடக் கூடாது, கண்ணுதான்!"

"எங்க வீட்டுல தொடலாமே?"

"உங்க வீட்டுல எல்லாமேதான் தப்பு, வெர்லின்! போன வருஷம் உங்க நாய்தானே கண்டுபிடிச்சுச்சு?"

"நாயும் குடும்பம்தான்!"

பேக்கரிக்காரருக்கும் பஸ் டிரைவருக்கும் கிட்டத்தட்டச் சண்டை. இத்தனை வருஷம் ஒரே ஊரில் இருந்தும் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு சட்டம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது.

"அப்போ ஒளிக்கறது யாரு?" என்று கேட்டாள் ஹில்டி. "ஹென்னிங் தேடணும். அவன் ஒளிக்கக் கூடாது."

எல்லாரும் மேயரைப் பார்த்தார்கள். மேயர் கையிலிருந்த கண்ணாடி ஊறுகாயைப் பார்த்தார். "எல்லாரும் திரும்பி நில்லுங்க" என்றார் கடைசியில். "ஹூக்ஸ்ட்ரா, நீங்களும்தான். எட்டிப் பாத்தா அடுத்த வருஷம் சாசேஜ் கிடையாது."

ஐயாயிரம் பேர் முதுகு காட்டி நின்றோம். மரத்தில் சரசரவென்று சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் கேட்டது, அந்தப் பக்கம் கேட்டது. ஏமாற்றுவதில் மேயர் கெட்டிக்காரர்.

"ம், தேடுங்க!"

ஹென்னிங் ஊறுகாய் உடுப்பிலேயே பாய்ந்தான். மற்ற முப்பது ஊறுகாய்களும் பாய்ந்தன. பஞ்சும் பஞ்சும் இடித்துக்கொண்டு, விழுந்து, உருண்டு, எழுந்தன. ஹென்னிங் மரத்தடியில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தான். முட்டிபோட்டுப் பார்த்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். அவன் புத்தக ஆங்கிலமெல்லாம் பறந்துபோய், ஜெர்மனில் என்னவோ கத்திக்கொண்டே ஓடினான். என்னவென்று யாருக்கும் தெரியாது. சந்தோஷம் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தது பஸ் டிரைவரின் நாலு வயது மகள் மார்லா. ஹென்னிங்கின் மூக்குக்கு நேர்மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"போச்சே!" என்றாள் ஹில்டி.

"அற்புதம்!" என்றான் ஹென்னிங் மூச்சு வாங்கிக்கொண்டு. "மறுபடியும் எப்போது?"

மேயர் மேடை ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஹில்டி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்மேல கோவமா பெரியப்பா?"

"நேத்தே கடையில சொல்ல வந்தியா?"

"வந்தேன். அந்தக் கடிதமெல்லாம் பாத்ததும் வாய் வரல."

மேயர் தன் முழங்கால்களைத் தேய்த்துக்கொண்டார். "பெட்டியில எழுதினவன் ஒருத்தன் கையில கெடைக்கணும் எனக்கு" என்றார். பிறகு, "இந்தக் கால்சட்டையாவது சரிதானே?" என்று கேட்டார்.

ஹில்டி வானத்தைப் பார்த்தாள். மேயர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அதுவுமா!"

அவர் சிரிக்கத் தொடங்கினார். மேடை ஆடும்வரை சிரித்தார். அப்போது ஹென்னிங் தன் அம்மாவோடு வந்து நின்றான். அம்மா அவன் காதில் காற்றாக என்னவோ சொன்னார்.

"ஐயா, அம்மா ஊர்ச் சபை சார்பாகக் கேட்கச் சொல்கிறார்" என்றான் ஹென்னிங். "எங்கள் ஊரில் டிசம்பர் மாதம் மிகவும் இருட்டாக இருக்கும். பிள்ளைகளுக்கு இப்படித் தேட ஒன்றும் இல்லை. இந்த வழக்கத்தை நாங்கள் எடுத்துக்கொண்டு போகலாமா?"

மேயர் எழுந்து நின்றார். மீசையும் எழுந்து நின்றது.

"எடுத்துட்டுப் போறதா? எங்க ஊறுகாயவா? ஜெர்மனிக்கா?" அவர் மார்லாவிடம் போய்க் குனிந்து பேசினார். இரண்டு சாக்லேட் ஊறுகாய்க்கு ஒப்பந்தம் முடிந்தது. கண்ணாடி ஊறுகாயோடு திரும்பி வந்தார். பிறகு அந்தப் பனியில் ஒரு காலைத் தூக்கி, தன் பூவேலைக் காலுறையைக் கழற்றி, ஊறுகாயை அதற்குள் பத்திரமாகச் சுருட்டி ஹென்னிங் கையில் கொடுத்தார்.

"உடையற பொருள். பாத்து எடுத்துட்டுப் போ" என்றார். "ஒளிக்கறதுக்கு நடுக்கிளைதான் நல்லது. பேக்கரிக்காரன் சொல்றத நம்பாத."

ஹென்னிங் இன்னும் மூன்று நாள் இருந்தான். அந்த மூன்று நாளும் எந்த வீட்டுக்காரரும் அவனைச் சும்மா விடவில்லை. பதினான்கு வீடுகளில் தேடினான், ஒன்பதில் கண்டுபிடித்தான். வெர்லின் வீட்டில் மட்டும் நாயிடம் தோற்றான். கிளம்பும் அன்று, "டேய், போயிட்டு எழுது!" என்று கத்திய ஹில்டியிடம், "எழுதறேன்டி!" என்று கத்தினான். புத்தகத்தில் அது இல்லை. எங்கள் ஊரில் கற்றுக்கொண்டது.

அடுத்த வருஷம் டிசம்பரில், ஊர்வலம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, மேயருக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு உறை வந்தது. இந்த முறை அவர் கடிதம் எதுவும் போடாமலே வந்தது. உள்ளே ஒரு புகைப்படம். கடற்கரை ஊர் ஒன்றின் சதுக்கம், மழை, நடுவில் பெரிய கிறிஸ்துமஸ் மரம். மழைக்கோட்டு போட்ட ஐம்பது அறுபது பிள்ளைகள் அதைச் சுற்றி முண்டியடிக்கிறார்கள். ஓரமாக ஒரு பலகை நிற்கிறது. பக்கத்தில் ஹென்னிங், காதுவரை சிரிக்கிறான். பலகையில் எழுதியிருந்ததை அவன் புகைப்படத்தின் பின்புறம் மொழிபெயர்த்திருந்தான்:

'பழம்பெரும் அமெரிக்க வழக்கம்.'

மேயர் அதை மூன்று முறை படித்தார். ஆணியும் சுத்தியலும் எடுத்து ஏணியில் ஏறி, கடைக்குள் நுழைகிறவர் யாரும் தப்ப முடியாத இடத்தில் மாட்டினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஹில்டியைப் பார்த்துச் சொன்னார்:

"நான்தான் முதல்லேருந்தே சொன்னேனே, கண்ணு. ஜெர்மனியில இந்த வழக்கம் இருக்குன்னு!"